முப்பதாயிரம் பொய் வழிகள்

மல்லாங்கிணற்றுப் பெட்டிக்கடையில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பத்து ரூபாய் அனுப்பினால், தகவல் டவரில் ஏறி, ஃபைபரில் ஓடி, பல நிறுவனங்களின் வலையமைப்புகளைத் தாண்டித்தான் வங்கிக் கணினியை அடைகிறது. நிறுவன எல்லைகளில் நின்று வழி தீர்மானிப்பவை ரவுட்டர்கள். முழு வரைபடம் அவற்றிடம் கிடையாது. திருச்சுழிக்கு வழி கேட்டால் டீக்கடைக்காரர் அடுத்த விலக்கு வரைக்கும் கை காட்டுவாரே, அந்த மாதிரிதான். பக்கத்து ரவுட்டர் சொன்னதை நம்பித் தகவலைத் தள்ளிவிடும்.

இந்த ஏற்பாட்டின் பெயர் பிஜிபி. 1989இல் கிர்க் லாகீட், யாக்கவ் ரெக்டர் இருவரும் சாப்பாட்டு மேசையில் டிஷ்யூ காகிதத்தில் கிறுக்கியது. பொய்யைப் பிடிக்க அதில் ஒன்றும் வைக்கவில்லை.

ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று விடாமல் செய்தி அனுப்பும். சுமார் 90 நொடி சத்தமில்லையென்றால் தொடர்பு அறுந்ததாக எடுத்துக்கொண்டு அந்த வழியை அழித்துவிடும். கண்காணிப்பு மென்பொருள் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் இது மட்டும் போதாது.

2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் வலையமைப்பு, 30,000க்கும் மேற்பட்ட இணைய முகவரித் தொகுதிகளுக்குத் தானே சொந்தக்காரன் என்று உலகத்துக்கு அறிவித்தது. ஊரார் போக்குவரத்தெல்லாம் அதன் வாசலில் வந்து குவிந்தது. வழக்கத்தைவிட 13 மடங்கு. 'இருக்கிறேன்' மட்டும் கேட்கும் மென்பொருளுக்கு இப்படிப்பட்ட பொய் தெரியவே தெரியாது.

அதனால் இப்போது பேச்சையும் சோதிக்கிறார்கள். பக்கத்து நிறுவனம் வழக்கமாக 200 தொகுதிகள் அறிவிக்கும் என்றால், 300ஐத் தாண்டியதும் தொடர்பைத் துண்டிக்கும்படி ரவுட்டரில் எழுதி வைக்கலாம். அந்த வரி நிஜமாகவே இருக்கிறதா என்று, ரவுட்டரின் அமைப்புக் கோப்பைத் தினமும் பழைய நகலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல்களும் உண்டு. சொந்தக்காரர் யார் என்பதற்கு ஆர்பிகேஐ என்ற மின்னணுப் பட்டா வந்திருக்கிறது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரவுட்வியூஸ் பல நாடுகளின் ரவுட்டர்களோடு தொடர்பு வைத்து, யார் என்ன அறிவிக்கிறார்கள் என்று பதிந்துகொண்டே இருக்கிறது.

காவலாளியும் சறுக்குவதுண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கை மென்பொருளிலேயே ஒரு பிழை. தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் பெயர்வழங்கிகள், தரவு மையத்தோடு பேச முடியாததால் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தாமே தீர்மானித்து, பிஜிபி அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றன. தனித்தனியாக ஒவ்வொன்றும் செய்தது சரி; எல்லாம் ஒரே நேரத்தில் செய்ததுதான் வினை. ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் காணாமல் போயின. பொறியாளர்கள் தரவு மையத்துக்கே நேரில் போக வேண்டியிருந்தது. அங்கே உள்ளே நுழையவே நேரம் பிடித்தது, பாதுகாப்பு அவ்வளவு பலம்.