பதக்கம்னா கொண்டாடுறோம்... ஆனா ஹாக்கி மட்டையைப் பிடிக்கிறது யாரு?

ஒரு சின்ன டெஸ்ட். இந்திய ஹாக்கி அணியில் இப்போது ஆடும் ஐந்து பேரின் பெயரை, கூகுள் பண்ணாமல் சொல்லுங்கள். ஹர்மன்பிரீத் சிங்... அப்புறம்? (ஸ்ரீஜேஷ் செல்லாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அவர் ஓய்வு பெற்றாச்சு.)

இதே நாம்தான் 2021 ஆகஸ்ட்டில் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என ஜெயித்து, 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் வந்தபோது ஸ்டேட்டஸ் போட்டுத் தள்ளினோம். 'தேசிய விளையாட்டு' என்ற வார்த்தை அன்றைக்கு எல்லோர் வாயிலும் இருந்தது. உண்மையில் அப்படி எந்த விளையாட்டும் அறிவிக்கப்படவில்லை. 2012-ல் ஒரு பள்ளி மாணவி ஆர்டிஐ-யில் கேட்டபோது, மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகமே சொன்ன பதில் இது. நம்ம ஜி.கே. புத்தகங்கள்தான் இன்னும் கேட்கலை!

சரி, இவ்வளவு பெருமை எங்கிருந்து வந்தது? பதில் 1948-ல் இருக்கிறது. 1928, 1932, 1936 என மூன்று முறை இந்தியா தங்கம் வென்றது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ். அந்த ஒலிம்பிக்குகளில் பிரிட்டன் ஹாக்கி அணியை அனுப்பவே இல்லை. சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு, லண்டனில், இறுதிப் போட்டியில், அதே பிரிட்டனை 4-0 என அடித்தால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து ஹாக்கி என்றால் கொடி, தேசிய கீதம்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. கொல்கத்தாவில் கால்பந்து ரசிகர் மோகன் பகான் தோற்றாலும் மோகன் பகான்தான். ஹாக்கியில் நாம் பெரும்பாலும் நாட்டுக்குத்தான் ரசிகர்கள், ஆட்டத்துக்கு இல்லை. நாடு தோற்றால் சேனலை மாற்றிவிடுவோம். மாற்றினோமே! 1976 மாண்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கை புல்தரைக்கு மாறியது. புல்லிலும் மண்ணிலும் பழகிய இந்தியாவுக்கு 7-வது இடம். 1980 மாஸ்கோவில் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. ஆனால் 1983-ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்க, பெருமை மொத்தமும் அந்தப் பக்கம் ஷிஃப்ட். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்திய ஆண்கள் அணி தகுதிகூடப் பெறவில்லை.

டர்ஃப் வந்ததால் மாறியது ரிசல்ட் மட்டுமில்லை, யார் ஆட முடியும் என்பதும்தான். ஒரு டர்ஃப் போடக் கோடிகள் வேண்டும். சர்வதேசத் தரத்தில் ஆட, போட்டிக்கு முன் தண்ணீரும் பீய்ச்ச வேண்டும். குடிக்கவே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிற ஊரில் இதை யார் செய்வார்கள்?

அப்படியும் ஹாக்கி விடாமல் ஆடப்படுகிற ஊர்கள் உண்டு. ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டப் பழங்குடி கிராமங்களில் ஜெயிக்கிற அணிக்குப் பரிசு ஆட்டுக்கிடா. அங்கே மானப் பிரச்சினை நாட்டுக்கு இல்லை, பக்கத்து ஊரிடம் தோற்கக் கூடாது என்பதுதான். திலீப் டிர்க்கி, அமித் ரோஹிதாஸ் இருவருமே அந்த மாவட்டத்தின் சவுனமாரா என்ற ஒரே கிராமம். 2018 முதல் தேசிய அணிக்கு ஸ்பான்சரே ஒடிசா அரசுதான். அங்குள்ள ரூர்கேலாவில் 20,000 பேருக்கு மேல் உட்காரும் மைதானம் கட்டி, 2023 உலகக் கோப்பையையும் நடத்தினார்கள்.

நம்ம பக்கம் கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலைமிட்டாய்க்கு அடுத்து அந்த ஊரின் அடையாளம் ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளிமாநில அணிகள் வந்து ஆடுகின்றன. அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் இருவரும் அங்குள்ள அரசு விளையாட்டு விடுதியில் தேறியவர்கள். 2022 ஆசியக் கோப்பையில், தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார் கார்த்தி. அடுத்த ஆண்டு சென்னை எழும்பூரில் பாகிஸ்தானை இந்தியா 4-0 என வென்ற அன்று, அவரும் அணியில் இருந்தார். கேலரியில் எவ்வளவு பேருக்கு அவரைத் தெரிந்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதற்காக, இந்தப் பெருமை வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளவும் முடியாது. அந்தத் தொடருக்காக எழும்பூர் மைதானம் புதுப்பிக்கப்பட்டது. 2025 ஜூனியர் உலகக் கோப்பைக்காக மதுரைக்குப் புது மைதானம் கிடைத்தது. கொடி வந்தால் டர்ஃபும் வருகிறது, அதுவரை ஓகே.

ஆனால் டர்ஃப் சும்மா கிடக்கிற பொருள் இல்லை. நன்றாக ஆடினால் பத்து ஆண்டுக்குள் தேய்ந்துவிடும், பிறகு மறுபடி கோடிகள். மதுரை டர்ஃபை 2035 வாக்கில் மாற்ற வேண்டி வரும்போது ஊருக்கு எந்த உலகக் கோப்பையும் வரவில்லை என்றால், அந்தப் பணத்தை யார் கேட்பார்கள்? அதில் தினமும் காலையில் ஆடுகிற பிள்ளைகளைத் தவிர?