நீரைக் கடந்து பள்ளிக்கு

குமரி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக்கடலுக்கும் இடையே தூரம் குறைவு. மலையில் மழை வலுத்தால் ஆறுகள் சில மணி நேரத்தில் பெருகிவிடும். தென்மேற்குப் பருவமழை ஜூனில், பள்ளி திறக்கும் நாள்களை ஒட்டியே தொடங்குகிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. ஆறு பெருகும் காலம் பெரும்பாலும் பாடம் நடக்கும் காலமாகவே அமைகிறது.

வள்ளியாறு முட்டத்தை அடுத்த கடியபட்டினம் அருகே கடலில் சேர்கிறது. அங்கே சாலைப் பாலம் இருப்பதால் ஆற்றைக் கடப்பது பெரும்பாடில்லை. எல்லா ஊருக்கும் அந்த வசதி வாய்ப்பதில்லை.

செலவு குறைந்த வழி தரைப்பாலம். குமரி மக்கள் வழக்கில் சப்பாத்து. குழித்துறையில் தாமிரபரணியின் குறுக்கே ஒன்று உண்டு. சாதாரண நாளில் அடியில் ஓடும் தண்ணீர், வெள்ளத்தில் பாலத்துக்கு மேலே பாயும். அப்போது விளிம்பு எது, ஆறு எது என்று தெரியாது. முழங்கால் அளவு நீரும் வேகமாக ஓடினால் பெரியவர்களையே சாய்த்துவிடும். சப்பாத்து மூழ்கினால் சுற்றுவழிதான். அதுவும் இல்லையென்றால் அன்று பள்ளி இல்லை.

நீர் தேங்கி நிற்கும் இடத்துக்குப் படகு ஏற்றது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர்த்தேக்கத்துக்கு அப்பால் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. அவற்றில் சில இடங்களிலிருந்து வெளியே வரப் படகே துணை. பலத்த காற்றும் மழையும் வந்தால் அந்த வழியும் அடைபடும்.

கேரளத்தின் காயல் ஊர்களில் அரசுப் படகுகள் பேருந்துபோல நேரப்படி ஓடுகின்றன. மாணவர்களும் அவற்றில் செல்கிறார்கள். வைக்கம்–தவணக்கடவு தடத்தில் 2017 ஜனவரியில் 75 பேர் அமரக்கூடிய ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு சேவைக்கு வந்தது.

முறையான ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை இலங்கை கண்டது. திருகோணமலை மாவட்டம் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டு வந்தபோது, மக்கள் மிதவைப் படகில் கடந்தனர். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

தொங்குபாலம் ஆழமான ஆற்றுக்குப் பொருந்தும். ஆனால் பராமரிப்பு தொடர வேண்டும். இந்தோனேசியாவின் பான்டன் மாகாணத்தில் 2012 ஜனவரியில், வெள்ளத்தில் சேதமடைந்து சாய்ந்த தொங்குபாலத்தின் கம்பிகளைப் பற்றிக்கொண்டு பிள்ளைகள் பள்ளி சென்ற படங்கள் உலகெங்கும் பரவின. அதன் பிறகு அங்கே புதிய பாலம் அமைந்தது.

ஆகவே ஆற்றைப் பார்த்தே வழியைத் தேர வேண்டும். வெள்ள மட்டத்துக்கு மேல் உயரும் பாலமே நிலையான தீர்வு. அது வரும்வரை தரைப்பாலத்தில் நீர்மட்ட அளவுகோலும் தடுப்பும் வேண்டும். படகில் ஆள் கணக்கும், குழந்தைகளின் அளவுக்கேற்ற லைஃப் ஜாக்கெட்டும், தேர்ந்த ஓட்டுநரும் வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளிகள் உதவும் என்றாலும், சிறு வயதிலேயே வீட்டைப் பிரியும் நிலை வரும். படிப்புக்காக எந்தக் குழந்தையும் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. அதற்கான பொறுப்பு பெற்றோருடையது மட்டுமல்ல, அரசுடையதும்கூட.