பிறர் நோக்கில் உருவாகும் ‘நான்’

ஒருவன் தன்னைத் தான் அறிவது ஏகாந்தத்தில் அமர்ந்து செய்யும் ஆத்ம விசாரத்தினாலேயே என்று கருதிய மேனாட்டுத் தத்துவ மரபுக்கு மாறாக, ‘நான்’ என்னும் உணர்வே சமூக சகவாசத்தின் விளைவு என்று அமெரிக்க அறிஞர் சார்லஸ் ஹோர்ட்டன் கூலி 1902-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதித்தார். பிறருக்கு நாம் எவ்வாறு தோன்றுகிறோம் என்று கற்பித்துக்கொள்வதும், அத்தோற்றத்தை அவர்கள் எவ்வாறு மதிப்பிடுவார்கள் என்று ஊகிப்பதும், அந்த ஊகத்தினால் பெருமையோ நாணமோ கொள்வதுமாகிய மூன்று அம்சங்களும் கூடியே நம்மைப் பற்றிய நம் எண்ணம் உருவாகிறது என்பது அவர் சித்தாந்தம். பிறர் மனமே நமக்குக் கண்ணாடி.

சிகாகோ சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் 1931-இல் காலமான பின், அவருடைய விரிவுரைகளைத் தொகுத்து 1934-இல் வெளியான நூலில் இக்கருத்து மேலும் விரிவடைகிறது. தனியே விளையாடும் குழந்தை, தாயாகவும் ஆசிரியராகவும் மாறி மாறிப் பேசி, ஒரு சமயத்தில் ஒருவருடைய ஸ்தானத்தை மட்டுமே ஏற்கிறது. பேஸ்பால் ஆடப் புகுந்த சிறுவனோ, ஏனைய ஆட்டக்காரர் அனைவரும் தன்னிடம் எதிர்பார்ப்பதை ஒருங்கே மனத்திற் கொண்டாலன்றி ஆட இயலாது. இவ்வாறு சமூகம் முழுவதன் நோக்கும் உள்ளத்தில் குடிபுகும்போதுதான் சுயம் முதிர்ச்சி பெறுகிறது. ஆயினும் மனிதன் சமூகத்தின் வெறும் பிரதிபிம்பம் அல்லன். அந்நோக்கிற்கு அவன் அளிக்கும் மறுமொழியில் முன்னறிந்து கூறவியலாத புதுமை ஒன்று எப்போதும் உண்டென்றும், சுதந்திர உணர்வு அங்கேதான் பிறக்கிறதென்றும் மீட் கருதினார்.