உப்புக் கட்டிக்குள் உயிர்

தென் அமெரிக்காவில் சிலி தேசத்தின் வடபால் விரிந்து கிடக்கும் அட்டகாமா பாலைவனத்தில், யுங்காய் என்னும் பிரதேசத்திலே, வருஷக்கணக்கில் நல்ல மழையொன்றும் காணாது வறண்டுபோன தரையின்மீது, காற்றரித்துக் கூர்மையான உப்புக் கட்டிகள் தலைநீட்டி நிற்கின்றன. எந்த ஜீவனும் தங்காது என்று எவரும் எண்ணத்தக்க அக்கட்டிகளில் ஒன்றைப் பிளந்து நோக்கினால், மேற்புறத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே, சாம்பல் படர்ந்த பச்சை நிறத்தில் மெல்லிய பட்டை ஒன்று தென்படும். சூரிய ஒளியைக் கொண்டே தம் ஆகாரத்தைத் தயாரித்துக்கொள்ளும் சயனோபாக்டீரியா அவை என்பதை 2006-இல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

ஜலத்துக்கு என்ன வழி? காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தை எட்டும்போது, மழைக்காலத்தில் நம் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் போலவே, அந்த உப்பும் ஈரத்தை ஈர்த்துத் தன் நுண்துளைகளில் சேமித்துவைக்கிறது. அம்மட்டே அவ்வுயிர்களுக்குப் போதுமானது.

என்ன அதிசயம்! உலர்ந்த மண்ணிலே யுகயுகமாய்ப் பழகிவிட்டவற்றுக்கு மழையே சத்துருவாகிறது. 2017-இல் அபூர்வமாய்ப் பெய்த மழையால் யுங்காயில் குட்டைகள் தேங்கியபொழுது, அம்மண்ணின் நுண்ணுயிர் இனங்களுள் பெரும்பாலானவை, திடீரென்று உட்புகுந்த நீரைத் தாங்கமாட்டாமல் மடிந்தன.