மின்தூண்டில் மோசடி

மின்தூண்டில் மோசடி என்பது வங்கி, மின்னஞ்சல் நிறுவனம், வருமான வரித்துறை போன்றவற்றின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, ஒருவருடைய கடவுச்சொல், அட்டை எண், ஓடிபி முதலியவற்றைக் கவர்வதாகும். ஆங்கிலத்தில் இது ஃபிஷிங் எனப்படுகிறது. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தை மாற்றி இப்பெயர் உருவாக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் ஏஓஎல் இணையச் சேவையின் ஊழியர்போல் நடித்துப் பயனர்களிடம் கடவுச்சொல் பெற்ற செயலைக் குறித்து இச்சொல் வழக்கிற்கு வந்தது.

இம்மோசடியில் கணினியின் பூட்டு உடைக்கப்படுவதில்லை. உரியவரே சாவியைக் கொடுக்கும்படி செய்யப்படுகிறது. ஆகவே கணினி அறிவு மிக்கவர்களும் இதில் சிக்குகின்றனர்.

செயல்படும் விதம்

இத்தகைய அஞ்சல்களில் பொதுவாக மூன்று கூறுகள் காணப்படும்.

1. நம்பத்தக்க பெயரும் சின்னமும்.
2. அச்சம் அல்லது ஆசை. "கணக்கு இன்றே முடக்கப்படும்", "வரித்தொகை திரும்பக் கிடைக்கும்" போன்றவை.
3. உடனே அழுத்தச் சொல்லும் பொத்தான் அல்லது இணைப்பு.

இணைப்பை அழுத்தினால் உண்மையான தளத்தைப் போலவே தோன்றும் போலிப் பக்கம் திறக்கும். அதில் தட்டச்சு செய்யும் விவரங்கள் மோசடிக்காரரைச் சென்றடையும்.

ஓர் எடுத்துக்காட்டு

2016 மார்ச் 19 அன்று, அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஹிலாரி கிளிண்டனின் பரப்புரைக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுள் பெயரில் ஓர் அஞ்சல் வந்தது. உக்ரைனிலிருந்து யாரோ அவருடைய கடவுச்சொல்லைப் பயன்படுத்தியதாகவும், உடனே அதை மாற்ற வேண்டும் என்றும் அதில் இருந்தது. குழுவின் கணினி உதவியாளரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் அது உண்மையான அஞ்சல் என்று பதில் எழுதினார். "உண்மையற்றது" என்று எழுத நினைத்துப் பிழை நேர்ந்ததாகப் பின்னர் விளக்கினார். ஆயினும் அதே பதிலில் கூகுளின் சரியான முகவரியையும் அவர் கொடுத்திருந்தார். அதைப் பயன்படுத்தியிருந்தால் தீங்கு நேர்ந்திராது. ஆனால் போலி அஞ்சலில் இருந்த இணைப்பே அழுத்தப்பட்டது. 50,000க்கும் மேற்பட்ட அஞ்சல்கள் களவுபோயின. அக்டோபர் 7 முதல் விக்கிலீக்ஸ் அவற்றை வெளியிடத் தொடங்கியது.

முகவரியைப் படிக்கும் முறை

அந்தப் போலிப் பக்கத்தின் முகவரி "மைஅக்கவுண்ட்.கூகுள்.காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்.டிகே" என்பதாகும். இடமிருந்து படிப்பவருக்குக் கூகுள் என்ற பெயரே கண்ணில் படும். ஆனால் இணைய முகவரியின் உரிமையாளரை அறிய, முதல் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். இங்கு இறுதியில் இருப்பது ".டிகே". அதற்கு முன் இருப்பது "காம்-செக்யூரிட்டிசெட்டிங்பேஜ்". எனவே இது கூகுளுக்கு உரிய முகவரி அன்று.

இந்திய வங்கிகள் ".பேங்க்.இன்" என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என 2025இல் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியதும், வாடிக்கையாளர்கள் முகவரியின் இறுதியைக் கொண்டே உண்மையான வங்கித் தளத்தை அடையாளம் காண்பதற்காகவே.

முகவரிக்கு அருகில் தோன்றும் பூட்டுக் குறி, தகவல் மறைகுறியாக்கப்பட்டுச் செல்கிறது என்பதை மட்டுமே காட்டும். போலித் தளங்களும் அதைப் பெறுகின்றன. எழுத்துப்பிழை இல்லாத அஞ்சல் உண்மையானது என்றும் கருத இயலாது.

தவிர்க்கும் வழிகள்

- அஞ்சலிலுள்ள இணைப்பை அழுத்தாமல், தளத்தின் முகவரியைத் தாமே தட்டச்சு செய்து நுழைதல்.
- அனுப்புநரின் பெயரை மட்டும் பாராமல், முழு முகவரியையும் பார்த்தல்.
- ஐயம் எழுந்தால் வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ உள்ள எண்ணில் கேட்டறிதல். அஞ்சலில் தரப்பட்ட எண்ணை அழைக்கலாகாது.
- இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வைத்தல். எனினும் போலிப் பக்கம் ஓடிபியையும் கேட்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளல்.

சிக்கிக்கொண்டால்

வெட்கத்தால் மறைப்பது இழப்பைப் பெருக்கும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே விவரங்களைக் கொடுத்திருந்தால், வங்கிக்கு அறிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேரும். அறிவித்த பின் ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். ஆகவே முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையையும் கணக்கையும் முடக்க வேண்டும். அடுத்து, 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும். பிறகு கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதே கடவுச்சொல் வேறு தளங்களில் இருந்தால் அவற்றிலும் மாற்ற வேண்டும். மோசடி அஞ்சல் சான்றாகும் என்பதால் அதை அழிக்கலாகாது.