நான் கட்டிய 'கரிச்சான்' ஏன் சுழன்று விழுந்தது?

1932ஆம் ஆண்டு அமெரிக்காவில் கட்டப்பட்டு, மறக்கப்பட்ட பந்தய விமானம் 'கரிச்சான்'. அப்படித்தான் அதற்குக் கதை எழுதி வைத்திருக்கிறேன். உண்மையில் அது என் மடிக்கணினியில் மட்டுமே இருக்கிறது.

'எக்ஸ்-பிளேன்' எனும் விமானப் பாவனை விளையாட்டில் நாமே விமானம் வடிவமைக்கலாம். இறக்கையின் நீளம், இயந்திரத்தின் ஆற்றல், எடை மையம் எல்லாவற்றையும் எண்களாகத் தரவேண்டும். விளையாட்டு இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மீதும் காற்று செலுத்தும் விசையை வினாடிக்குப் பல முறை கணக்கிடும். கற்பனை விமானம்தானே என்று இரக்கம் காட்டாது.

நானோ இரக்கத்தை எதிர்பார்த்தேன். பீப்பாய் உடல், குட்டை இறக்கை, பெயருக்கு ஒரு வால். முதல் திருப்பத்திலேயே கரிச்சான் சுழன்று விழுந்தது. "அண்ணா, இது பிளேனா பம்பரமா?" என்றான் தம்பி.

நான் பார்த்து வரைந்தது ஓர் உண்மையான விமானத்தை: ஜீ பீ ஆர்-1. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் கிரான்வில் சகோதரர்கள் 1932ல் கட்டியது. நீளம் ஏறத்தாழ 5.4 மீட்டர்தான், முன்னால் சுமார் 800 குதிரைத்திறன் கொண்ட வட்ட வடிவ இயந்திரம். விமானியின் இருக்கை வாலை ஒட்டி இருக்கும். பார்த்தால் கேலிச்சித்திரம் போலத் தோன்றும். ஆனால், அந்தப் பருத்த உடல் காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்ட வடிவம். நீர்த்துளிபோல் பின்னால் மெல்ல ஒடுங்கி, காற்றின் தடையைக் குறைத்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் ஜிம்மி டூலிட்டில் அதில் மணிக்கு 476 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, தரையிலிருந்து புறப்படும் விமானங்களுக்கான உலகச் சாதனை படைத்தார். அதே வாரம் கிளீவ்லாந்தில் தாம்சன் கோப்பையையும் வென்றார். பிறகு பந்தயங்களையே விட்டுவிட்டார். 1933ல் ரசல் போர்ட்மேன் அதே விமானத்தில் இண்டியானாபொலிஸில் புறப்படும்போது விபத்துக்குள்ளாகி உயிரிழந்தார். முந்தைய ஜீ பீ ஒன்றில் லோவல் பேல்ஸ் 1931லேயே மாண்டிருந்தார்.

அதனால் 'கொலைகார விமானம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 1990களில் டெல்மர் பெஞ்சமின் என்ற விமானி ஜீ பீயின் மறு உருவாக்கம் ஒன்றில் பல்லாண்டு சாகசமே செய்து காட்டினார். குணம் அறிந்தவருக்கு அடங்கும் விமானம் அது.

என் கரிச்சானுக்கு என்ன கோளாறு? கதவைக் கீலுக்கு அருகில் தள்ளிப் பாருங்கள், அசையாது. வாலும் அப்படித்தான். எடை மையத்துக்கு மிக அருகில் இருந்தால் மூக்கைத் திருப்பி நேராக்க அதற்கு வலு போதாது. நான் எடையை முன்னே நகர்த்தி, உடலை நீட்டி, வாலைப் பெரிதாக்கினேன். வேகம் குறைந்தது, அழகும்தான். ஆனால், இப்போது திரும்புகிறது.

இதுவரை கரிச்சான் 41 முறை விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை அழுத்தியதும் ஓடுபாதையில் வந்து நிற்கும். போர்ட்மேனைப் பற்றிப் படித்த இரவு மட்டும் அந்தப் பொத்தானை அழுத்தச் சற்று நேரம் பிடித்தது.

தம்பி இப்போது தனக்கும் ஓர் இருக்கை கேட்கிறான். எடை மையம் மறுபடியும் நகரும்.