காஸ் அடுப்பு: மூடுங்கள், சோதியுங்கள், பிறகு திறவுங்கள்

நீண்ட காலத்தின் பின் உங்கள் சொந்த வளவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். கிணறு இறைப்பது, கூரை திருத்துவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என வேலைகள் பல இருக்கும். இவற்றுக்கிடையே சமையலை இலகுவாக்க ஒரு காஸ் சிலிண்டர் வாங்கவோ, முன்பு பாவித்த அடுப்பை மீண்டும் பற்றவைக்கவோ நினைப்பீர்கள். அதற்கு முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

தானாக மூடும் வால்வு

யப்பான், கலிபோர்னியா போன்ற அடிக்கடி நிலம் நடுங்கும் இடங்களில், பல வீடுகளின் காஸ் குழாயில் தானாக மூடும் வால்வு பொருத்தப்பட்டிருக்கும். ஒருவகை வால்வின் உள்ளே உலோகக் குண்டு ஒன்று இருக்கும். நிலம் பலமாக அதிர்ந்தால் குண்டு இடம் மாறி விழுந்து காஸ் வரும் வழியை அடைத்துவிடும். அதிர்வு நின்றாலும் அது தானாகத் திறக்காது. கசிவு இல்லையெனச் சோதித்த பின்னர் ஒருவர் கையால் திறக்க வேண்டும். 1995இல் யப்பானின் கோபே நகரில் பூகம்பத்தின் பின் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் தீக்கிரையாகின. கசிந்த காஸும் அதற்கு ஒரு காரணம்.

இலங்கையில் பலத்த பூகம்பம் அரிது. எங்கள் வீடுகளில் இவ்வாறான வால்வும் இல்லை. ஆனால் வெள்ளம் வரும், புயல் வரும், மரம் முறிந்து கூரையில் விழும், எலி குழாயைக் கடிக்கும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பகுதிகளிலும் வீட்டுக் காஸ் வெடிப்புகள் நடந்தன. அந்த வால்வு செய்யும் வேலையை இங்கே உங்கள் கைதான் செய்ய வேண்டும்.

காஸ் எங்கே போய்த் தங்கும்?

சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது; நிலத்தோடு பரவி, மூலையிலும் பள்ளத்திலும் தங்கும். ஒரு லீற்றர் திரவ காஸ் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும். தற்காலிகக் கொட்டிலில் சமைக்கும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றாக இருந்தால், பிள்ளைகள் பாய் விரித்துப் படுக்கும் அதே தரையில்தான் காஸும் சேரும். பக்கத்தில் எரியும் விறகு அடுப்போ குப்பி விளக்கோ அதைப் பற்றவைக்கப் போதும்.

காஸுக்கு இயற்கையில் மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டுமென்றே கெட்ட மணம் சேர்க்கப்படுகிறது. தடிமன் பிடித்தவர்களுக்கும் சில முதியவர்களுக்கும் அது தெரியாமல் போகலாம்.

முதல் முறை பற்றவைக்கும் முன்

1. இடிந்த வீட்டிலோ வளவிலோ கிடக்கும் பழைய சிலிண்டரையும் இனந்தெரியாத உலோகப் பொருட்களையும் தொடாதீர்கள். பிள்ளைகளையும் அண்டவிடாதீர்கள். கிராம அலுவலருக்கு அல்லது பொலிசாருக்கு அறிவியுங்கள்.
2. வாயில் முத்திரை உடையாத சிலிண்டரையே வாங்குங்கள்.
3. பழைய இறப்பர் குழாயையும் ரெகுலேற்றரையும் மீண்டும் பாவிக்காதீர்கள். வெடிப்பு விழுந்த, இறுகிப்போன குழாய் வெளியே நல்லதுபோலத் தெரிந்தாலும் கசியும்.
4. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, சமதரையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள். விறகு அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள்.
5. சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, நுரையை இணைப்புகளிலும் குழாயிலும் பூசுங்கள். ரெகுலேற்றரைத் திறந்ததும் குமிழி வந்தால் கசிவு உண்டு. உடனே மூடுங்கள். தீக்குச்சி கொளுத்தி ஒருபோதும் சோதிக்காதீர்கள்.

காஸ் மணத்தால்

1. எரியும் அடுப்பையும் விளக்கையும் அணையுங்கள். ரெகுலேற்றரை மூடுங்கள்.
2. மின்சார ஆளி எதையும் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். மின்விசிறியும் வேண்டாம். சிறு பொறி போதும், காஸ் பற்றிவிடும்.
3. கதவு, யன்னல்களை அகலத் திறவுங்கள்.
4. பிள்ளைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். கைத்தொலைபேசியை வெளியே போன பின்னரே பாவியுங்கள்.
5. மணம் முற்றாகப் போய், கசிந்த இடத்தைக் கண்டு திருத்தும் வரை மீண்டும் பற்றவைக்காதீர்கள்.

மணம் கடுமையாக இருந்தால், அல்லது தீ ஏற்கனவே பற்றிவிட்டால், எதையும் எடுக்க நிற்காமல் முதலில் வெளியேறுங்கள். சிலிண்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். அவசர உதவிக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. எரிகாயத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம்.

மழைக்காலத்தில்

வெள்ளத்தில் சிலிண்டர் மிதந்து போகலாம். அப்போது குழாய் அறுந்துவிடும். வெள்ள எச்சரிக்கை வந்தால் ரெகுலேற்றரை மூடிக் கழற்றி, சிலிண்டரை உயரமான இடத்தில் நிமிர்த்திக் கட்டி வையுங்கள். வெள்ளம் வடிந்து வீடு திரும்பியதும் தேநீர் வைக்கத்தான் முதலில் மனம் போகும். சேறு புகுந்த ரெகுலேற்றரைப் பாவிக்காதீர்கள். குழாயைப் பாருங்கள், நுரை பூசிச் சோதியுங்கள், பிறகு பற்றவையுங்கள்.

ஒவ்வோர் இரவும் படுக்கப் போகுமுன் ரெகுலேற்றரை மூடுவதை வீட்டில் ஒருவரின் பொறுப்பாக்குங்கள். அவர் இல்லாத நாளில் யார் மூடுவது என்பதையும் இன்றே பேசி முடிவு செய்யுங்கள். அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும், எப்படி மூடுவது என்பது வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.